நீடித்து உழைக்கும் பருத்திச் சட்டையைத் தேர்ந்தெடுத்தல்

பருத்திச் சட்டை என்பது பருத்தி இழையை நூலாக நூற்று, துணியாக நெய்து, தைத்து உருவாக்கப்படும் மேலாடை. வியர்வையை உறிஞ்சுவதும் காற்றை உள்ளே விடுவதும் இதன் இயல்பு என்பதால் தமிழகத்தின் வெயிலுக்கு இது மிகப் பொருத்தமானது. ஆயினும் ஏறத்தாழ ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு சட்டைகளில் ஒன்று ஆறு மாதத்தில் காலர் கிழிந்து வண்டி துடைக்கும் துணியாகிவிடுகிறது. மற்றொன்று மூன்று நான்கு தீபாவளிகளைத் தாண்டுகிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் சட்டையில் ஒட்டியிருக்கும் பெயர் அன்று. இழை, நூல், நெசவு, தையல் ஆகிய நான்கும்தான் சட்டையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் பலவற்றைக் கடையிலேயே கண்ணாலும் விரலாலும் சோதித்துவிடலாம்.

விலையைக் கணக்கிடும் முறையையும் சற்று மாற்றிப் பார்க்கவேண்டும். எடுத்துக்காட்டாக, 400 ரூபாய்ச் சட்டை 40 முறை உடுத்தியதும் நைந்துபோனால் ஒரு முறைக்கு 10 ரூபாய் ஆகிறது. 900 ரூபாய்ச் சட்டை 150 முறை தாங்கினால் ஒரு முறைக்கு 6 ரூபாய்தான். மாதச் சம்பளத்தில் துணிக்கென்று சிறு தொகையை மட்டும் ஒதுக்கக்கூடிய குடும்பத்துக்கு இது பெரிய வேறுபாடு. ஆனால் விலை கூடினால் தரமும் கூடும் என்று நம்பிவிடக் கூடாது. 900 ரூபாய்ச் சட்டையும் 40 முறையில் நைந்துபோகலாம்.

பட்டு நெசவு வட்டாரத்தின் பழக்கம்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியும், அதற்குத் தெற்கே உள்ள சேத்துப்பட்டும் பட்டு நெசவோடு தொடர்புடைய ஊர்கள். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. பட்டுப் புடவை வாங்குவோர் அதை விரித்து, திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்து, கரையைத் தடவி, ஓர் இழையை உருவி எரித்தும் பார்ப்பதுண்டு. பட்டு எரிந்தால் முடி கருகும் வாசனை வரும். இவ்வளவு கவனமாகப் புடவை பார்ப்பவர்களும், சட்டை வாங்கும்போது நிறத்தையும் அளவையும் மட்டும் பார்த்து எடுத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. தூய பட்டுக்கு மத்திய பட்டு வாரியத்தின் ‘சில்க் மார்க்’ முத்திரை 2004 முதல் வழங்கப்படுகிறது. கைத்தறித் துணிக்கு ‘ஹேண்ட்லூம் மார்க்’ 2006-இல் வந்தது. சாதாரண ஆலைப் பருத்திச் சட்டைக்கு அப்படிப் பரவலாக அறியப்பட்ட முத்திரை இல்லாததால், வாங்குபவரின் கைதான் சோதனைச்சாலை. புடவைக்குச் செய்யும் சோதனைகளே சிறிய மாற்றங்களுடன் சட்டைக்கும் பொருந்தும்.

இழையின் நீளம்

பருத்தியில் முதலில் கவனிக்கவேண்டியது இழை நீளம். நீளமான இழைகளை முறுக்கும்போது அவை ஒன்றையொன்று அதிக தூரம் பற்றிக்கொள்கின்றன. நூல் வலுவாகவும் வழவழப்பாகவும் அமைகிறது. குட்டை இழைகளின் முனைகள் நூலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். துவைக்கத் துவைக்க இந்த முனைகள் உருண்டு சிறு மணிகளாகத் திரளும். மலிவான சட்டையின் கழுத்துப் பகுதியில் தோன்றும் சொரசொரப்பு இதுவே.

தமிழகத்தின் பழைய கருங்கண்ணிப் பருத்தி வறட்சியைத் தாங்கக்கூடியது, ஆனால் இழை குட்டையானது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தபின் இழை நீளம் கூடிய வகைகள் பரவின. அந்த வழியில் உருவான எம்.சி.யு. 5 என்ற வகை 1968-இல் வெளியானது. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு 1974-இல் வெளியான ‘சுவின்’, சுஜாதா என்ற வகையையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் வகையையும் கலந்து பெற்றது. இரு பெயர்களிலிருந்தும் ஓரெழுத்தும் ஈரெழுத்துமாக எடுத்து வைத்த பெயர்தான் சுவின். இந்தியாவில் 32.5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்டவை மிக நீண்ட இழைகள் எனப்படுகின்றன. சுவின் இழை ஏறத்தாழ 38 மி.மீ. இருக்கும். விளைச்சல் குறைவு, பயிர்க்காலம் அதிகம் என்பதால் இதைப் பயிரிடுவோர் சிலரே. ஆகவே மிகக் குறைந்த விலையில் ‘சுவின்’ என்று விற்கப்படும் சட்டையைச் சந்தேகத்துடன் பார்ப்பதே நல்லது.

கடையில் இழை நீளத்தை அளக்க முடியாது. ஆனால் துணியை வெளிச்சத்துக்கு நேராக, கண்மட்டத்தில் சாய்த்துப் பிடித்தால் மேற்பரப்பில் நிற்கும் மயிரிழைகள் தெரியும். அவை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சீவப்பட்ட பஞ்சில் நூற்ற நூலில் (கோம்ப்டு நூல்) குட்டை இழைகள் நீக்கப்பட்டிருப்பதால், அந்த நூலில் நெய்த துணி இந்தச் சோதனையில் நன்றாகத் தேறும்.

நூல் எண் குறித்த தவறான எண்ணம்

நூலின் நயத்தைக் ‘கவுண்ட்’ அல்லது நம்பர் என்று சொல்கிறார்கள். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை இருக்கின்றனவோ அதுவே அதன் எண். 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 40 சிட்டம். அதாவது ஒரு கிலோ நூலை நீட்டினால் ஏறத்தாழ 67 கிலோமீட்டர் வரும். எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும்.

விற்பனையாளர்கள் எண்ணைக் கூட்டிச் சொல்வதைத் தரத்தின் அளவாக வைக்கிறார்கள். மென்மைக்கு அது சரி; ஆயுளுக்குச் சரியன்று. ஒற்றை இழையாக நெய்த 120-ஆம் நம்பர் துணி கையில் பட்டுப்போல் வழுக்கும், ஆனால் பேருந்தில் தினமும் போய்வருபவரின் தோளில் பை உரசினால் விரைவில் நைந்துவிடும். அன்றாட உடுப்புக்கு 40 முதல் 60 வரையிலான நூல் போதும். அதைவிடச் சிறந்தது இரட்டை நூல். 80-ஆம் நம்பர் நூல்கள் இரண்டைச் சேர்த்து முறுக்கினால் தடிமனில் 40-ஆம் நம்பருக்குச் சமமாகும். ஆனால் சீராகவும் வலுவாகவும் இருக்கும். பாவு, ஊடை இரண்டிலும் இரட்டை நூல் உள்ள துணி என்றால் கூடுதல் விலை கொடுக்கலாம். சில நேரங்களில் பாவில் மட்டும் இரட்டை நூலைப் போட்டு முழுத் துணியையும் அந்தப் பெயரில் விற்பதுண்டு. துணி விற்கும் கடையில் ஓரத்திலிருந்து ஓர் ஊடை நூலை உருவி, முறுக்கைப் பிரித்தால் இரண்டாகப் பிரிகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

நெசவும் பதப்படுத்தலும்

பாப்ளின் வெயிலுக்கு ஏற்றது. ஆக்ஸ்ஃபோர்டு சற்றுத் தடிமன், அடி தாங்கும். ட்வில் மென்மையாகத் தொங்கும், சுருக்கம் குறைவாக விழும். கைத்தறிச் சட்டைத்துணி நெகிழ்வானது, உடலுக்கு இதமானது. ஆனால் இறுக்கமாக அணிந்தால் முதுகுத் தையலில் இழைகள் நகர்ந்துவிடும் என்பதால் ஓர் அளவு தளர்வாக எடுப்பது நல்லது.

புதுத் துணியின் விறைப்பு பலரை ஏமாற்றுகிறது. அது நெசவின் அடர்த்தியாக இருக்கலாம், வெறும் கஞ்சியாகவும் இருக்கலாம். துணியை இரு கைகளிலும் பிடித்துக் கசக்கித் தேய்த்தபின் அந்த இடம் தளர்ந்துபோனாலோ, விரலில் வெண்பொடி ஒட்டினாலோ அது கஞ்சிதான். முதல் துவைப்பிலேயே துணி வலைபோல் ஆகிவிடும். வெள்ளைச் சட்டைக்குள் கையை விட்டு, விரல்களின் வடிவம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்ப்பதும் அடர்த்திக்கு எளிய சோதனை.

பளபளப்புக்காகப் பருத்தியைக் காரக் கரைசலில் நனைக்கும் முறை, அதைக் கண்டறிந்த ஜான் மெர்சரின் பெயரால் ‘மெர்சரைஸ்’ எனப்படுகிறது. இது நூலுக்கு வலுவும் கூட்டும், சாயத்தையும் நன்றாகப் பிடிக்கச் செய்யும். ‘சான்ஃபரைஸ்’ செய்த துணி முன்கூட்டியே சுருக்கப்பட்டது. இவ்விரண்டும் விரும்பத்தக்கவை. இஸ்திரி தேவையில்லாத சட்டை என்பது வேறு கதை. சுருக்கம் விழாமலிருக்க இழைகளைப் பிசின் வேதிப்பொருளால் பிணைக்கும்போது பருத்தியின் கிழிபடா வலு கணிசமாகக் குறைகிறது. நேரம் மிச்சமாகும், ஆயுள் போகும்.

‘காட்டன் ரிச்’ என்ற சொல்லுக்குப் பருத்தி அதிகம் என்றுதான் பொருள், முழுப் பருத்தி என்றல்ல. 1970-களில் பரவலான டெரிகாட்டனில் பெரும்பாலும் 67 விழுக்காடு பாலியஸ்டர்தான். உள்தையலிலிருந்து ஓர் இழையை எடுத்து எரித்தால் பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். தைக்கும் நூல் பாலியஸ்டராக இருக்கலாம் என்பதால், துணியின் இழையைத்தான் எரிக்கவேண்டும். இந்தச் சோதனையை வாங்கியபின் வீட்டில் செய்வதே முறை.

சாயத்துக்கு ஈரக் கைக்குட்டை போதும். அடர்நிறச் சட்டையின் உட்புறத்தில் அழுத்தித் தேய்த்தால் நிறம் ஒட்டக் கூடாது. சாயம் போவதையே பெருமையாக்கிய நிகழ்வும் உண்டு. 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்ற ‘மதராஸ்’ கட்டம் போட்ட துணி துவைத்தபோது நிறம் கலந்தது, புகார்கள் எழுந்தன. பிறகு அந்தக் குறையையே சிறப்பாகச் சொல்லி விளம்பரம் செய்தார்கள், துணியும் விற்றது. அந்த விளம்பரத்துக்கு வெள்ளை வேட்டியோடு சேர்த்துத் துவைப்பவர் மயங்கமாட்டார்.

தையல்

நல்ல துணியும் கெட்ட தையலில் பாழாகும். சட்டையை உட்புறம் திருப்பிப் பார்ப்பதே மிக முக்கியமான சோதனை. பக்கத் தையல் மடித்து மூடப்பட்டு, துணியின் வெட்டு விளிம்பு வெளியே தெரியாமல் இருந்தால் நல்ல வேலை. ஓவர்லாக் மட்டும் போட்டிருந்தால் சுமார். ஓர் அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணினால் நல்ல சட்டையில் 14-க்குக் குறையாது. அவசர வேலையில் 8, 10 என்று இருக்கும். காஜா நெருக்கமாக, நூல் பிசிறில்லாமல் இருக்கவேண்டும். கட்டம் போட்ட சட்டையில் பையின் கோடுகள் உடலின் கோடுகளோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். பொருத்தித் தைக்கத் துணியும் நேரமும் கூடுதலாகும் என்பதால், தைத்தவர் மிச்சம் பிடிக்கவில்லை என்பதற்கு அது அடையாளம்.

சட்டை முதலில் சாவது காலரின் மடிப்பு விளிம்பில். கழுத்து உரசல், வியர்வை, பிரஷ் மூன்றும் அங்கேதான் சேர்கின்றன. உள்ளே வைக்கும் கேன்வாஸ் மோசமாக ஒட்டப்பட்டிருந்தால் சில துவைப்புகளில் காலர் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதை எந்த இஸ்திரியாலும் சரிசெய்ய முடியாது. காலரை மடித்து விட்டால் சுருக்கமின்றி மீளவேண்டும். மேல் துணியை இரு விரல்களால் கிள்ளி இழுத்தால் அது கேன்வாஸிலிருந்து தனியே பிரிந்து வரக்கூடாது. தைத்து வைத்த, ஒட்டாத கேன்வாஸ் என்றால் சற்றுப் பிரிவது இயல்பு.

துணி எடுத்துத் தைப்பவர்களுக்கு முழுக்கைச் சட்டைக்கு 58 அங்குல அகலத்தில் 1.60 மீட்டரும், 36 அங்குல அகலத்தில் 2.25 மீட்டரும் வழக்கமான அளவு. வெட்டும் முன் துணியை ஓர் இரவு நீரில் ஊறவைத்துக் காயவைக்கவேண்டும். 3 விழுக்காடு சுருங்கினாலும் 40 செ.மீ. காலரில் ஒரு செ.மீ.க்கு மேல் குறைந்து, மேல் பட்டன் போட முடியாமல் போகும்.

பராமரிப்பு

நனைந்த நிலையில் பருத்தி உலர்ந்ததைவிட வலுவானது. எனவே தண்ணீர் அதற்குப் பகையன்று. துவைக்கும் கல்லும் பிளீச்சிங் பொடியும்தான் பகை. காலர் அழுக்குக்குச் சோப்பைத் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, கையால் கசக்கினாலே போதும். உட்புறம் திருப்பி நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடவேண்டும். மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டையை ஒரே மடிப்பில் அடுக்கி வைத்தால் அந்த மடிப்பிலேயே இழை ஒடியும்.

காலர் விளிம்பு நைந்தபின்னும் உடல் துணி உறுதியாக இருந்தால், பழைய தையற்காரர்கள் காலரைப் பட்டியிலிருந்து பிரித்து, நைந்த பக்கம் அடியில் போகுமாறு திருப்பித் தைத்துத் தருவார்கள். சிறு ஊர்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதைச் செய்ய அரைமணி நேரத்துக்குமேல் ஆகாது. சட்டைக்கு இன்னும் ஓர் ஆண்டு கிடைக்கும்.