கலங்கிய நீரில் ஒரு சுண்டெலி

ஒரு தொட்டியில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு மேடை ஒன்று இருக்கிறது. கண்ணில் படக்கூடாது என்றுதான் தண்ணீரைக் கலங்கலாக்கியிருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் எலிகளுக்காக இச்சோதனையை வகுத்த ரிச்சர்ட் மோரிஸ் பால் கலந்தார். நீரில் விடப்பட்ட எலி, ஏறி நிற்க இடம் தேடி நீந்தும். அறையிலுள்ள அடையாளங்களைக் கொண்டு, சில நாட்களில் மேடைக்கு நேராகப் போகக் கற்றுக்கொள்ளும்.

1992இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆல்சினோ சில்வா, சுசுமு டொனெகாவா குழுவினர், மூளையில் ஏராளமாக உள்ள ஒரு நொதியின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை இப்படி நீந்தவிட்டனர். வெளியே தெரியும் மேடையை அடைய அவை பழகின. மறைந்த மேடை இருக்கும் இடம் மட்டும் மனத்தில் பதியவில்லை.

ஆனால் அந்த மரபணு கருவிலிருந்தே உடலெங்கும் இல்லை. கோளாறு நினைவிலா, மூளை வளர்ந்த விதத்திலா? 1996இல் அதே ஆய்வகம் கத்தரியைக் கூராக்கியது: பிறந்து சில வாரங்கள் கழித்து, மூளையில் இட நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் மட்டும், நரம்புச் செல்கள் சமிக்ஞை பெறும் ஓர் ஏற்பியின் மரபணு நீக்கப்பட்டது. அப்போதும் மேடையின் இடம் பிடிபடவில்லை.

1999இல் பிரின்ஸ்டனில் ஜோ சியன் எதிர்த்திசையில் போனார். அந்த ஏற்பியின் ஓர் உட்கூற்றைக் கூடுதலாக உருவாக்கும் சுண்டெலிகள் வேகமாகக் கற்றன. தொலைக்காட்சித் தொடரின் சிறுவயது மருத்துவர் பெயரால் அவற்றை ‘டூகி’ என்றார்கள். 2001இல் இன்னொன்றும் தெரிந்தது: அழற்சியால் வரும் வலியும் அவற்றுக்குக் கூடுதல்.