கழுத்தில் பிறக்கும் தலைவலி

தலை வலித்தால் நோயும் தலையிலேயே இருக்க வேண்டும் என்று கருதுவது இயல்பே. ஆயினும், மாதக்கணக்கில் விடாமல் வருத்தும் தலைவலிகளுள் சில, சிரசில் யாதொரு விகாரமும் இல்லாதிருக்க, அதைத் தாங்கி நிற்கும் கழுத்தெலும்புகளின் மூட்டுகளில் உற்பத்தியாகின்றன. இவ்வகையைத் தனி வியாதியாகப் பிரித்து, 1983-ஆம் ஆண்டில் அதற்குப் பெயரும் இலக்கணமும் வகுத்தவர், நார்வே தேசத்து நரம்பியல் வைத்தியர் ஒட்டார் ஷோஸ்டாட்.

கழுத்தெலும்புகள் ஏழனுள் முதலாவது வளைய வடிவாய்க் கபாலத்தைத் தாங்குகிறது. இரண்டாவதிலிருந்து மேலெழும் முளையை அச்சாகக் கொண்டு அவ்வளையம் சுழல்வதால், நாம் தலையைப் பக்கவாட்டில் திருப்பும் அசைவில் ஏறக்குறையப் பாதி இவ்விரண்டின் இடையிலேயே நிகழ்கிறது. இந்த மேல் மூட்டுகளின் வேதனையைச் சுமந்து கழுத்தின் முதல் மூன்று நரம்புகள் தண்டுவடத்தினுள் புகும் ஸ்தானத்திற்கே, நெற்றி, கண் முதலியவற்றின் உணர்ச்சியைக் கொண்டுவரும் ஐந்தாம் கபால நரம்பின் இழைகளும் இறங்கி வருகின்றன. இருவேறு சிற்றூர்களின் கடிதங்கள் ஒரே தபாலாபீஸின் முத்திரையோடு வந்து சேரும்போது, எழுதிய ஊர் இன்னதென்று தெரியாமல் பெறுபவர் மயங்குவது போல, மூளையும் கழுத்தின் வலியைக் கண்ணின் வலியென்று எண்ணி மயங்குகிறது. ஆகவேதான் இவ்வலி பெரும்பாலும் ஒரு பக்கமாய்ப் பிடரியில் தொடங்கி நெற்றிவரை படர்வதும், கழுத்தைத் திருப்புகையில் மிகுவதும்.

இதனால், எக்ஸ்ரே படத்தில் 'தேய்மானம்' என்று கண்டவுடன் தலைவலியின் மூலம் அகப்பட்டுவிட்டதாகக் கொள்வது சரியன்று. நடுவயது கடந்தோருள் வலியே அறியாத பலரிடத்தும் தேய்மானம் காணப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம், ஏழாம் எலும்புகளின் நடுவே. தலைக்கு வலியை அனுப்புபவையோ மேல் மூன்று நரம்புகள். ஒற்றைத் தலைவலியாகிய மைக்ரேனும் கழுத்தில் வலியை உண்டாக்குவதால், காரியத்தையே காரணமென்று எண்ணிவிடவும் இடமுண்டு. ஐயத்திற்குரிய மூட்டின் நரம்பை ஊசிமருந்தால் மரத்துப்போகச் செய்து, தலைவலி அப்பொழுது நீங்குகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க பரீட்சை.

மூலம் கழுத்தே என்று துணிந்தபின், உள்தசைகளை உறுதிப்படுத்தும் பயிற்சியும், இயன்முறை வைத்தியர் நிதானமாய் மூட்டுகளை அசைத்துத் தரும் சிகிச்சையும் பலருக்குக் குணமளிக்கின்றன. முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திடீரெனத் திருகி நெட்டி முறிப்பது இச்சிகிச்சைக்கு ஈடாகாது. மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இரு நாடிகள் கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியே மேலேறுகின்றன. அவற்றின் சுவர் கிழிந்தால் பக்கவாதமே நேரலாம். தலைவலி இடிவிழுந்தாற்போல் திடீரென வந்தாலும், காய்ச்சலோ, கைகால் தளர்ச்சியோ, பார்வைக் குழப்பமோ உடன் சேர்ந்தாலும், கழுத்தைப் பற்றிய ஆராய்ச்சியை ஒத்திவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்வதே விவேகம்.