கடைக்கு வாயாக நிற்பவர்

கல்முனைக்கு வடக்கே மருதமுனை வழியாகச் சென்றோர் எவரும் ஆங்குள்ள கைத்தறிகளின் ஓசையை மறந்திரார். அவ்வூரிலே நெய்யப்படும் சாறனையும் சேலையையும் வாங்க விரும்பியோர் முன்னாளிற் கடைக்கு நேரே சென்றனர், துணியை விரித்துப் பார்த்தனர், சாயம் போகுமோ என வினவினர், விலை பேசினர். வினவியவருக்கு விடை கூறியவர் முதலாளி. அவர் தொழுகைக்குச் சென்றிருந்தால் அவர்தம் மூத்த மகன் விடை கூறினார். இன்றோ அதே வினாக்கள் முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் வட்ஸ்அப்பிலும் வந்து குவிகின்றன. முதலாளி தறியையும் நூலையும் வங்கிக் கடனையும் கவனிப்பாரா, கைத்தொலைபேசியைக் கவனிப்பாரா? ஆதலின், கடையின் பெயரால் விடை கூறுவதற்கென்றே ஒருவரை அமர்த்தும் வழக்கம் வணிக உலகிற் பரவியுள்ளது. அவரைக் கொமியூனிட்டி மனேஜர் என்பர். சமூக முகாமையாளர் எனத் தமிழிற் கூறலாம். ஒரு கடையின் நிரந்தர ஊழியராக இராது, பல கடைகளுக்கு ஒப்பந்தப்படி வேலை செய்பவராயின் அவர் சுயாதீனச் சமூக முகாமையாளர் ஆவார். அத்தகைய ஒருவரை அமர்த்தும்போது நோக்க வேண்டியன எவை என்பதை, இக்கரையோரத்தில் வணிகம் நடத்தும் பழைய மாணவர்க்கும், இத்தொழிலை நாடக்கூடிய இளையோர்க்கும் பயன்படுமாறு கூற விழைகின்றோம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். விளம்பரப் படம் அமைப்பவர் வேறு. சமூக முகாமையாளர் வேறு. விளம்பரத்திலே கடை பேசுகின்றது, பிறர் கேட்கின்றனர். சமூக முகாமையாளரின் பணியோ, பிறர் பேசுவதைக் கேட்டு மறுமொழி கூறுவதாகும். 1985 இல் அமெரிக்காவிலே 'வெல்' என்னும் கணினி உரையாடற் களம் தொடங்கப்பட்டபோது, ஒவ்வோர் உரையாடலையும் கவனித்து நடத்தியோரை, விருந்தோம்புவோர் என்னும் பொருள்பட 'ஹோஸ்ட்' என்றே அழைத்தனர். பெயர் மாறினும் பணியின் இயல்பு மாறவில்லை. நம்மவர் பலர் அழகாகப் படம் அமைக்கும் இளைஞர் ஒருவரைப் பிடித்து, 'தம்பி, வருகிற மெசேஜுக்கும் ஒரு பதில் போட்டுவிடும்' என்று கூறி விடுகின்றனர். வினை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றது.

அந்த ஒரு பதிலின் நிறை எத்தகையது என்பதை நம் மாவட்டமே ஒருமுறை கண்டது. காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக மேற்கே செல்லும் வீதி அம்பாறை நகரை அடையும். அந்நகரிலே முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், 2018 பெப்ரவரி 26 ஆம் நாள் இரவு, கறியிலே கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, மலடாக்கும் மாத்திரை கலந்தீரோ என்று சிலர் கூடி நின்று வினவினர். கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. கேட்கப்பட்டது இன்னதென விளங்காமலே, அரைகுறைச் சொற்களில், ஆமென்பதுபோல் ஏதோ கூறிவிட்டார். அது காணொளியாக எடுக்கப்பெற்று, குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்ற தலைப்போடு முகநூலிற் பரவிற்று. உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அந்தக் கட்டி வெறும் மாவுக்கட்டியே என அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். நிலையாக மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவத்திலே இல்லையென மருத்துவர்களும் கூறினர். ஆயினும் வதந்தி நிற்கவில்லை. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்திலே, வேறொரு நிகழ்ச்சியை அடுத்து, திகன முதலிய இடங்களிற் கலவரம் மூண்டபோது அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாள் தடைசெய்ய நேர்ந்தது. தன் தளம் அவ்வன்முறைக்குப் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்திலே வருத்தம் தெரிவித்தது.

அந்தக் காசாளரை நாம் குறைகூறோம். சூழ்ந்து நின்ற கூட்டத்தின் முன் எவர்தான் சொல்லை நிறுத்துப் பேசுவர்? கொடுமை செய்தவர் அவரல்லர். ஆனால் இணையத்திலே கடைக்கு வாயாக நிற்பவர் தனி அறையில் இருக்கின்றார். சிந்திக்க அவருக்கு நேரம் உண்டு. அவருக்குத் தமிழும் சிங்களமும் தெரிதல் வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதப்படும் சிங்களத்தையும் தமிழையும் வாசிக்கத் தெரிதல் வேண்டும், ஏனெனில் வருவனவற்றுட் பல அவ்வுருவிலேயே வருகின்றன. யாவற்றினும் மேலாக, விளங்காத வினாவுக்கு விடை கூறாதிருக்கத் தெரிதல் வேண்டும். 'உங்கள் வினாவை முதலாளியிடம் காட்டிவிட்டு இன்று மாலைக்குள் எழுதுகின்றோம்' என்னும் ஒரு வரியை மூன்று மொழியிலும் முன்னரே எழுதி வைத்திருப்பவர் பாதித் தேர்வில் வென்றவராவர்.

தேர்வு என்றோம். பட்டத்தையும், முன்பு நடத்திய பக்கங்களுக்கு எத்தனை இலட்சம் லைக் என்பதையும் பார்த்து ஆளை அமர்த்துவோர் உளர். லைக்கை விலைக்கும் வாங்கலாம். நாம் கூறும் வழி எளிது. உங்கள் கடைக்கு உண்மையாகவே வந்த மூன்று முறைப்பாடுகளை, அனுப்பியவர் பெயரை மறைத்து, அவரிடம் கொடுங்கள். ஒன்று நியாயமான முறைப்பாடாக இருக்கட்டும்: முதற் சலவையிலே சாயம் போன சாறன். ஒன்று பாதி நியாயமானதாக இருக்கட்டும்: தபாலிலே தாமதித்த பொதி. மற்றொன்று வசை. மூன்றுக்கும் மறுமொழி எழுதச் சொல்லிப் படித்துப் பாருங்கள். சாயம் போனவரிடம் வாதிடுபவர் உதவார். வசைக்கு வசை எழுதுபவர் எவ்வாற்றானும் உதவார். வசையை உடனே அழித்துவிடுவேன் என்பாரையும் இன்னும் சிறிது வினவுக. முகநூலிலே ஒரு கருத்துரையை அழித்தல் வேறு, மறைத்தல் வேறு. மறைத்தால் எழுதியவருக்கும் அவர்தம் நண்பருக்கும் அது தெரியும், ஏனையோருக்குத் தெரியாது. நியாயமான முறைப்பாட்டை மறைப்பதோ, கடையில் வந்து குறைகூறுபவரின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். அதன்பின் இரு வாரம் சம்பளத்தோடு பரீட்சித்துப் பாருங்கள். சம்பளமின்றிப் பரீட்சித்தல் அறமன்று.

சம்பளத்தைப் பற்றி நம் வணிகர் விரும்பாத சிலவற்றையும் சொல்ல வேண்டியுள்ளது. 'போனில் விரல் தட்டுவதற்கு இவ்வளவு காசா?' என்பர். கட்டாரிலும் சவூதியிலும் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னாகக் கடிகாரம் ஓடுகின்றது. அங்கே வேலை முடித்து, உண்டு, எட்டு மணிக்கு ஒருவர் ஊரிலுள்ள தாய்க்குச் சேலை அனுப்பவேண்டி 'காக்கா, விலை என்ன?' என எழுதும்போது கல்முனையில் இரவு பத்தரை. நோன்புப் பெருநாளை அண்டிய வாரங்களில் இது இன்னும் பெருகும். இந்நேரங்களை ஒப்பந்தத்தில் எழுதாது மாதத்துக்கு இவ்வளவு என்று பொதுவாகப் பேசிவிட்டு, நள்ளிரவிலே விடை வரவில்லையெனக் கோபிப்பது முறையன்று. அமெரிக்கா ஒன்லைன் நிறுவனம் தன் உரையாடற் களங்களை ஆயிரக்கணக்கான தொண்டர்களைக் கொண்டு, இலவச இணையத் தொடர்பைத் தவிர வேறு ஊதியமின்றி நடத்திற்று. அவர்களுட் சிலர் 1999 இல் வழக்கிட்டனர். ஈற்றில் ஒன்றரைக் கோடி டொலர் கொடுத்தே அந்நிறுவனம் இணக்கங் கண்டது. நம் நாட்டுச் சட்டத்திலும் ஒரு நுட்பம் உண்டு. சுயாதீனமானவர் என்று பெயரிட்டுவிட்டு, காலை முதல் மாலைவரை கடையில் இருத்தி, லீவுக்கும் அனுமதி கேட்கச் செய்தால், நீதிமன்றம் பெயரை நோக்காது நடைமுறையை நோக்கும். அவர் ஊழியரெனத் தீர்ப்பாயின் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டியவராவர். சுயாதீனமானவரிடம் பயனைக் கேட்கலாம். அவர் எந்த நாற்காலியில் இருக்கின்றார் எனக் கேட்டல் ஆகாது.

இனித் திறவுகோலைப் பற்றியது. கிராமபோனின் முன் நாய் அமர்ந்திருக்கும் எச். எம். வி. இசைத்தட்டைச் சுழலவிட்டுப் பாட்டுக் கேட்ட மூத்தோர் நம்முள் உளர். அப்பெயர் தாங்கிய இங்கிலாந்துக் கடை நிறுவனம் 2013 ஜனவரி 31 இல் ஊழியர் பலரை நீக்கியபோது, ட்விட்டர் கணக்கு நீக்கப்பட்டவர் கையிலேயே இருந்தது. தாம் நீக்கப்படுவதை அவர்கள் நிறுவனத்தின் பெயராலேயே நேர்முக வருணனையாக எழுதினர். ட்விட்டரை எவ்வாறு மூடுவது என்று உயரதிகாரி கேட்டதும் அதிலேயே வெளிவந்தது! (எசமானின் குரலை அன்று எசமானாலும் நிறுத்த முடியவில்லை.) அமெரிக்காவில் போன்டோக் என்னும் தளத்துக்கு எழுதி வந்த ஒருவர், 2010 இல் விலகியபோது 17,000 பேர் பின்தொடர்ந்த கணக்கைப் பெயர் மாற்றித் தம்மோடு கொண்டு சென்றார். நிறுவனம் 2011 இல் 340,000 டொலர் கேட்டு வழக்கிட்டது. வழக்கு இணக்கத்தில் முடிந்தது, கணக்கு அவரிடமே நின்றது. அவ்வளவு தொலைவும் செல்ல வேண்டுவதில்லை. மருமகனின் சொந்தக் கணக்கிலே கடைக்குப் பக்கம் திறந்து, அவர் வெளிநாடு சென்றபின் உள்ளே நுழைய வழியின்றி நின்ற கடையொன்றை நாமே அறிவோம்.

ஆதலின் பக்கத்தின் முழு உரிமை முதலாளியின் கணக்கிலேயே இருத்தல் வேண்டும். சமூக முகாமையாளருக்குக் கடவுச்சொல்லைக் கொடாது, அவர்தம் பெயரில் வரையறுத்த அனுமதியை மட்டும் வழங்குக. முகநூலில் அதற்கு ஏற்பாடுண்டு. இரண்டாம் சரிபார்ப்பு எண் முதலாளியின் தொலைபேசிக்கே வரட்டும். வாடிக்கையாளரின் முகவரிகளும் தொலைபேசி எண்களும் அவர் கையாள்வனவாதலின், அவற்றைப் பிறர்க்குக் கொடுக்கலாகாதென ஒப்பந்தத்தில் எழுதுக. தனியாட்களின் தரவைக் காத்தற்கென 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியுள்ளது. எவற்றுக்குத் தாமே விடை கூறலாம், எவற்றை முதலாளியிடம் கேட்க வேண்டும், எவை வந்தால் நள்ளிரவாயினும் தொலைபேசியில் எழுப்ப வேண்டும் என்பனவும் எழுதப்படுதல் நன்று. உணவிலோ துணியிலோ கலப்படம் என்ற பேச்சும், இனத்தையோ மதத்தையோ சுட்டும் பேச்சும் மூன்றாம் வகையைச் சேர்ந்தன.

பிரியும்போது இரு சாராருக்கும் ஒரு மாத முன்னறிவித்தல் போதும். இறுதி நாளிலே அனுமதியை நீக்கி, மிகுதிச் சம்பளத்தையும் அன்றே கொடுத்துவிடுக. அன்று வாங்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: விடை முடியாத உரையாடல்களின் பட்டியல். சாயம் போன சாறனுக்கு மாற்று அனுப்புவதாக யாருக்கு வாக்களித்தோம், தோகாவிலிருப்பவரின் தாய்க்குச் சேலை எந்நாளிற் சேர வேண்டும் என்பன அதில் இருக்கும். அவை அவர் கடையின் பெயராற் கொடுத்த வாக்குகள். அவர் போனபின்னும் கடையின் வாக்குகளே.