நாலு பேர் மேசையில் ஒருவர் சாப்பிடாவிட்டால்...

கோப்பாயைச் சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற மாதம் என் கடைக்கு வந்தார். மலேசியாவில் சில வருடங்கள் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பருத்தித்துறை வீதிக் கரையில் சிறியதொரு சாப்பாட்டுக் கடை போட்டு நாசி கோரெங், மீ கோரெங், சாத்தே என்று மலாய்ச் சாப்பாடு விற்க யோசிக்கிறார். "நானா, சனம் வருமா?" என்று கேட்டார்.

"வரும் தம்பி. ஆனால் இந்த மாதிரிக் கடைக்குச் சனம் தனியாக வராது, கூட்டாளிமாரோடு வரும். அதற்கு ஆயத்தமா?" என்று திருப்பிக் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். வேறு வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் இதில் பிரயோசனம் உண்டு.

கோப்பாயில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியர், சுத்த சைவம். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் வெறுங்கையோடு புத்தளம் போனது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு நான் ஊர் பார்க்க வந்தபோது, முதல் நாள் சோறு போட்டது மாஸ்டரின் வீடுதான். அந்தச் சோற்றுக்கு ஒரு நாள் பதில் விருந்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பல வருடங்களுக்குப் பின் அவர் கொழும்புக்கு வந்த சமயம், இன்னும் இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையொன்றுக்கு அழைத்துப் போனேன். சுவரில் ஹலால் சான்றிதழ் தொங்கியது. என் மனம் ஆறுதலாகிவிட்டது. மாஸ்டருக்கு மரக்கறி நூடில்ஸ் சொன்னோம். பாதி சாப்பிட்ட பிறகு பரிமாறிய பையன் சாதாரணமாகச் சொன்னான்: "மீன் சோஸ் கொஞ்சம்தான் போட்டிருக்கு சேர்."

மாஸ்டர் கோபிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். "பரவாயில்லைத் தம்பி, நீங்கள் சாப்பிடுங்கோ" என்றார். அதற்குப் பிறகு எங்கள் மூவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. காசு கொடுத்தவன் நான், தலைகுனிந்தவனும் நான். என் கவலைக்குச் சுவரில் ஒரு பத்திரம் இருந்தது. அவருடைய கவலையை அந்தக் கடையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். ஒரு சாப்பாடு 1,500 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மனம் நொந்தால் 1,500 ரூபாதானே நட்டம் என்று முதலாளி நினைப்பார். கூட்டாளிமார் நாலு பேர் எங்கே சாப்பிடுவது என்று பேசும்போது, கட்டுப்பாடு கூடியவர் எவரோ அவருக்குப் பொருந்தும் இடத்துக்குத்தான் எல்லோரும் போவார்கள். ஆகவே போவது 6,000 ரூபா. அந்த நால்வரும் மாதம் இரண்டு முறை வரக்கூடியவர்கள் என்றால் வருடத்துக்கு 144,000 ரூபா. ஒரு தேக்கரண்டி மீன் சோஸின் விலை இது.

தென்கிழக்காசியச் சமையலில் இந்தக் கவனம் விசேஷமாகத் தேவை. ருசி தருகிற சாமான்கள் பல கண்ணுக்குத் தெரிவதில்லை. தாய்லாந்தில் உப்பு போடும் இடத்தில் மீன் சோஸ் போடுவார்கள். மலாய்ச் சமையலில் கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்க வைத்துச் செய்யும் பெலச்சான் சேரும். நாசி லெமாக்கின் சம்பலில் நெத்தலி இருக்கும். வெறும் கீரை வறுவலிலும் சிப்பி சோஸ் இருக்கலாம். முஸ்லிம் வாடிக்கையாளருக்கோ சமையல் வைனும் பன்றிக் கொழுப்பும் பயம்.

அந்த நாட்டவர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரின் அங்காடி உணவு நிலையங்களில் மலாய், சீன, இந்தியக் கடைகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும். அவரவர் தமக்கு ஏற்ற கடையில் வாங்கி வந்து ஒரே மேசையில் கூடி இருந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்ட தட்டை வைப்பதற்கும் ஹலாலுக்கு ஒரு தட்டடுக்கு, மற்றதற்கு வேறொன்று. இந்த அங்காடி உணவுக் கலாசாரத்தை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றம் 1978இலேயே ஹலால் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

பினாங்கின் நாசி கண்டாரைப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து போன முஸ்லிம்கள் காவுதடியின் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற சாப்பாடு அது. கண்டார் என்றால் காவுவது. 1907இல் தொடங்கிய ஹமீதியா இன்றும் நடக்கிறது. சிங்கப்பூரில் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் முர்தபா விற்கும் சம் சம் கடையும் அப்படியே. இந்த மாதிரிக் கடைகளில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். நாசி கண்டார் கடையில் கறிகளை வரிசையாகக் கண்முன்னே வைத்திருப்பார்கள். எது என்ன என்று கேட்டு, விரலால் காட்டி வாங்கலாம்.

கோப்பாய்த் தம்பிக்கு நான் சொன்னவை இவைதான்:

மரக்கறிக்கென்று தனித் தாச்சி, தனிக் கரண்டி, தனி எண்ணெய் வையுங்கள். செலவு ஒரு முறைதான்.

மீன் சோஸ், பெலச்சான், நெத்தலி எதில் சேர்கிறது என்று விலைப்பட்டியலிலேயே தமிழில் எழுதுங்கள். வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

சைவ ஊரில் மாட்டிறைச்சி வேண்டாம். கோழியும் மீனும் இறாலும் போதும்.

ஹலால் என்று சொன்னால் ஆதாரத்தோடு சொல்லுங்கள். 2013இல் ஜம்இய்யத்துல் உலமா சான்றிதழ் வழங்குவதிலிருந்து விலகிய பிறகு, 2014 தொடக்கம் அதற்கென்று தனியான ஹலால் சபை இயங்குகிறது.

பரிமாறும் பையனுக்கு ஒரு வசனம் பழக்குங்கள்: "எனக்குத் தெரியாது, உள்ளே கேட்டுச் சொல்கிறேன்." தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லும் பையனால் முதலாளிக்கு வரும் நட்டம் பெரிது.

துணிக்கடையானாலும் இரும்புக்கடையானாலும் விஷயம் ஒன்றுதான். சரக்கில் என்ன இருக்கிறது என்பதை விற்ற பிறகு சொல்வதை விட, விற்கும் முன் சொல்கிறவனிடம்தான் ஆள் திரும்பி வரும்.

தம்பி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ துணிந்து போடலாமா நானா?" என்றார். "போடுங்கள். திறக்கும் அன்று மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவருடைய தட்டு வெறுமையாகத் திரும்பினால் உங்கள் கடை நிற்கும்" என்றேன். மாஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். சிரித்தபடி, "இந்த முறை முதலில் சமையலறையைப் பார்ப்போம் தம்பி" என்றார்.