தாய்வீடு வரும் உமையவள்

மஹாளய அமாவாசையன்று விடியற்காலை நான்கு மணிக்கே கொல்கத்தா நகரத்து இல்லங்களில் வானொலி ஒலிக்கத் தொடங்கிவிடும். பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் கம்பீரமான குரலில் தேவியின் பெருமை காற்றில் கலக்கும். 1931-ஆம் ஆண்டில் தொடங்கிய நிகழ்ச்சி இது. 1976-இல் வேறு குரலைக் கொண்டு மாற்றிப் பார்த்தார்கள். மக்கள் மனம் ஒப்பவில்லை; பழைய குரலே திரும்பி வந்தது. அதே காலையில் கங்கைத் துறைகளில் முன்னோர்க்குத் தர்ப்பணம் நடைபெறும். களிமண்ணால் தெய்வத் திருமேனிகள் உருவாகும் குமார்துலியில், அன்னையின் விழிகளைத் தீட்டிக் கண் திறப்பார்கள்.

வங்காள மக்களுக்குத் துர்க்கை, மகிஷனை வதைத்த மாதேவி மட்டும் அல்லள். கயிலையிலிருந்து தாய்வீடு வரும் மகள் உமையும் அவளே. லக்ஷ்மி, சரஸ்வதி, கணபதி, கார்த்திகேயன் ஆகிய நால்வரையும் அவளுடைய மக்களாகவே கருதி உடன் எழுந்தருளச் செய்வது அங்குள்ள மரபு.

சஷ்டியன்று அன்னையைத் துயிலெழுப்புவர். சப்தமி காலையில், வாழைக்கன்றோடு எட்டுச் செடிகளைச் சேர்த்துக் கட்டிய நவபத்ரிகையை நீராட்டி, சிவப்புக் கரைச் சேலை உடுத்தி, கணபதியின் அருகில் நிறுத்துவர். அஷ்டமி முடிந்து நவமி பிறக்கும் சந்தி வேளையில் 108 தீபங்களும் 108 தாமரைகளும் அன்னைக்குச் சமர்ப்பணமாகும். 1901-இல் சுவாமி விவேகானந்தர் பேலூர் மடத்தில் தொடங்கிவைத்த துர்கா பூஜையில், சிறுமியை அம்பிகையாகவே பாவித்து வணங்கும் குமாரி பூஜை இன்றும் நடைபெறுகிறது. நகரின் இப்பெருவிழாவை 2021-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

தசமியன்று வீடு கனத்துப் போகும். சுமங்கலிகள் அன்னையின் திருமுகத்தை வெற்றிலையால் ஒற்றி, நெற்றியில் குங்குமமிட்டு, வாயில் இனிப்பு வைத்து, புக்ககம் செல்லும் மகளை வழியனுப்புவதுபோலக் கண்ணீருடன் விடைகொடுப்பர். கங்கை மண்ணால் ஆன திருமேனி கங்கையிலேயே கரையும். “அடுத்த ஆண்டு மீண்டும் வருவாள்” என்ற முழக்கம் கரையெங்கும் எழும். இல்லம் திரும்பியதும் இளையோர் பெரியோரின் பாதம் பணிந்து ஆசி பெறுவர்.

பிரிந்த வீட்டை அன்னை வெறுமையாக விடுவதில்லை. ஐந்தே நாளில், பௌர்ணமி இரவில், “விழித்திருப்பவர் யார்?” என்று கேட்டபடி லக்ஷ்மி வருகிறாள். தீபாவளி அமாவாசையில் காளியாக வருகிறாள். மாக மாத வளர்பிறைப் பஞ்சமியில் சரஸ்வதியாக வந்து குழந்தைகளின் கைபிடித்து முதல் எழுத்தை எழுதுவிக்கிறாள். அந்தப் பூஜை முடியும்வரை மாணவர்கள் இலந்தைப் பழத்தைத் தொடமாட்டார்கள். பால்குன மாதப் பௌர்ணமியில் வண்ணப்பொடி தூவும் டோல் உற்சவம், சைதன்ய மகாபிரபு அவதரித்த நாளும் ஆகும். சித்திரையில் பிறக்கும் வங்கப் புத்தாண்டில் வணிகர்கள் புதுக்கணக்கு ஏடுகளைக் காளிகட்டம், தட்சிணேசுவரம் ஆலயங்களுக்கு எடுத்துச் சென்று அன்னையின் திருவடியில் வைக்கின்றனர்.

பின்னர் ஜகந்நாதரின் ரத யாத்திரை வருகிறது. அந்த நன்னாளில், பழைமையான இல்லங்களில், விசர்ஜனத்துக்குப் பின் கரையேற்றிப் பாதுகாத்த மரச்சட்டத்துக்குப் பூஜை செய்வர். சென்ற ஆண்டு அன்னையைத் தாங்கிய அதே சட்டத்தில் வைக்கோல் சுற்றிப் புதுமண் பூசும் பணி தொடங்கும். மண் கரைந்துவிடும், சட்டம் காத்திருக்கும். வழியனுப்பிய மகளின் வருகைக்காகக் காத்திருக்கும் பெற்றோரின் உள்ளம் போன்றதே அது. அந்த உள்ளத்துக்கு அம்பிகை ஆண்டு தவறாமல் வந்து அருள்கிறாள்.