பாசிக்கு மருந்து கேட்கும் முன்

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். செடி வைத்த தொட்டிக்காரர்கள் என்னிடம் வந்து கேட்பது மீனைவிட மருந்தைத்தான். “அண்ணே, தொட்டி பூரா பாசி. ஏதாவது ஊத்துற மாதிரி குடுங்க.” நான் பாட்டிலை எடுக்க மாட்டேன். “என்ன நிறம்? விரலால தேச்சா வருதா? தொட்டி வச்சு எவ்வளவு நாளாச்சு?” என்று கேட்பேன். பதில் சரியாக வந்தால் பாதி வேலை முடிந்தது. பாசி என்று பொதுவாக நாம் சொல்வதில் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத உயிர்கள் உண்டு. ஒன்றை அடக்கும் வழி பல நேரம் மற்றதைத் தொடாது.

புதுத் தொட்டியில் கண்ணாடி, இலை, மணல் எல்லாவற்றிலும் பழுப்புத் தூள் படிகிறதா? அது டயாட்டம். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர். துடைத்தால் வந்துவிடும், தொட்டி பழகியதும் பெரும்பாலும் தானே மறையும். அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

கண்ணாடியில் கெட்டியான பச்சைப் புள்ளிகள், பிளேடு வைத்துச் சுரண்டினால்தான் வருகின்றன என்றால் வெளிச்சம் அதிகம். பல நேரம் பாஸ்பேட்டும் குறைவு. அனுபியாஸ் மாதிரி மெதுவாக வளரும் செடியின் இலையில் இது முதலில் ஏறும்.

நீலம் கலந்த கரும்பச்சையில் ஆடை மாதிரி படர்ந்து, வழுவழுப்பாக உரிந்து வந்து, நாற்றமும் அடித்தால் அது பாசியே அல்ல. சயனோபாக்டீரியா எனும் பாக்டீரியா வகை. தண்ணீர் ஓட்டமில்லாத மூலையிலும் கழிவு தங்கும் இடத்திலும் பிடிக்கும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்று நான்கு நாள் தொட்டியைத் துணியால் மூடி முழு இருட்டில் வையுங்கள். அந்த மூலைக்கு நீரோட்டம் போகும்படி ஃபில்டரையும் திருப்புங்கள்.

என்னிடம் வருகிறவர்களை அதிகம் வாட்டுவது கருந்தாடிப் பாசி. இலை ஓரத்திலும் மரக்கட்டையிலும் ஃபில்டர் வாயிலும் கறுப்புக் குஞ்சம் மாதிரி ஒட்டியிருக்கும், இழுத்தால் இலைதான் கிழியும். பார்க்கக் கறுப்பு என்றாலும் சிவப்புப் பாசி இனம். ஒரு துண்டை ஆல்கஹாலில் போட்டால் பச்சையம் கரைந்து சிவப்பு தெரியும். கரியமில வாயு ஒரு நாள் கூடவும் ஒரு நாள் குறையவும் கிடைக்கும் தொட்டியில் இது ஆட்டம் போடும். அதனால் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் லைட் எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்து, தினமும் ஒரே அளவில் விட வேண்டும். பாசி முற்றிய இலைகளை வெட்டி எறியுங்கள். கட்டையில் இருப்பதற்கு, ஃபில்டரை நிறுத்திவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிரிஞ்சால் அதன்மேல் மட்டும் கொஞ்சமாக விடலாம். சில நாளில் வெளிர்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீரே பச்சையாகிவிட்டால், மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் திரும்ப வரும். இருட்டடிப்பு, இல்லாவிட்டால் புற ஊதா விளக்கு.

இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரே கணக்கு: செடி தின்ன முடியாத அளவுக்கு வெளிச்சம் விழுகிறது. லைட்டை டைமரில் போட்டு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தோடு நிறுத்துங்கள். ஜன்னல் வெயில் கூடாது. தொடக்கத்திலேயே வேலம்பாசி, வாலிஸ்நேரியா மாதிரி வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக நடுங்கள். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். செடித்தொட்டியைக் கலையாக வளர்த்த ஜப்பானியர் தகாஷி அமானோ (1954–2015) பாசியைக் கட்டுப்படுத்த, பாசி தின்னும் ஒரு வகை இறாலை நம்பினார். அந்த இறாலுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. தாமிரம் கலந்த பாசி மருந்து அந்த இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். நான் அதை விற்பதில்லை.

‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் சக்கர் மீனையும் செடித்தொட்டிக்கு வாங்காதீர்கள். ஒரு அடிக்கு மேல் வளரும், செடியைப் பிடுங்கும், வளர்ந்தபின் பாசியைச் சரியாகத் தின்னாது. ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். நம் நீர்நிலைகளில் அது பெருகி நாட்டு மீன்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது. எந்தக் கடையாவது திரும்ப வாங்கிக்கொள்ளுமா என்று விசாரித்து, அங்கே கொடுத்துவிடுங்கள்.