பவளத்தில் புழு: மருந்தில் முக்கியும் ஏன் திரும்பி வருகிறது?

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் அக்ரோபோரா பவளம் நிறம் மங்கி, கிளைகளில் வட்ட வட்டமாக வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால் தட்டைப்புழுவைச் சந்தேகியுங்கள். அவை புழு கடித்த தடங்கள். வளர்ப்பவர்களை நெடுநாள் வாட்டிய இந்தப் புழுவுக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 2011இல்தான்.

ஏன் கண்ணில் படுவதில்லை? பவளத் திசுவைத் தின்னும்போது அதற்குள் வாழும் நுண்பாசிகளும் புழுவின் குடலுக்குள் போகின்றன. ஒளி ஊடுருவும் உடல் வழியே அந்தப் பழுப்பு நிறமே தெரிவதால், புழு பவளத்தோடு பவளமாக மறைந்துவிடுகிறது. கிளைகள் மீது தண்ணீரைப் பீய்ச்சினால் பிடி விட்டு உதிரும், அப்போது பார்க்கலாம்.

அயோடின் கலந்த கடல்நீரில் சில நிமிடம் முக்கினால் புழுக்கள் விழும். முட்டைகளோ தப்பிவிடும், உறையைத் தாண்டி மருந்து கருவைக் கொல்வதில்லை. தோல்வி பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. திசு செத்து வெறும் சுண்ணாம்புக் கூடு தெரியும் அடிப்பகுதியில் முட்டைக் கூட்டத்தைத் தேடுங்கள். சுரண்டி எடுங்கள், அல்லது அந்தத் துண்டையே வெட்டி எறியுங்கள். மிஞ்சியவை பொரிந்து, வளர்ந்து, மறுபடி முட்டையிடும் முன் பிடிக்க வேண்டும் என்பதால், முக்குவதைப் பல வாரங்கள் தொடர வேண்டும். புதிதாக வாங்கும் பவளத்துக்கும் தனித்தொட்டியில் இதே சோதனைதான்.